கூடத்துக்கு முதலில் வேண்டியிருந்தது கழிப்பறை

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய பஜனைக் கூடம் இருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே சுதையில் கட்டின ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள், கடைசி எண் உதிர்ந்துபோய் 191 என்று மட்டும் நிற்கிறது. என் தாத்தா காலையில் அங்கே பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார், சனிக்கிழமை ராத்திரி அதே திண்ணையில் உட்கார்ந்து ஜால்ரா தட்டினார். நான் வளர்ந்த காலத்தில் அது பூட்டித்தான் கிடந்தது. பந்தல்காரர் ஒருவர் உள்ளே மூங்கிலும் ஷாமியானாவும் அடுக்கி வைத்திருந்தார், வாடகை என்று யாருக்கோ ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஆறு வருஷமாக அங்கே பாட்டு வகுப்பு, மாதம் இரண்டு கச்சேரி, அவ்வப்போது நாடகம், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் என்று ஏதாவது நடக்கிறது. "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, எப்படிச் செஞ்சீங்க" என்று மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி மாளவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் நாங்கள் செய்த தப்புகள்தான் அதிகம் இருக்கும்.

முதலில் பத்திரம். இடம் யாருடையது என்பது தெளிவாகாமல் ஒரு ஓட்டைக்கூட மாற்றாதீர்கள். கன்டோன்மென்ட் பக்கத்தில் இந்த மாதிரி இடங்கள் நிறைய உண்டு. 1809 வாக்கில் ஆங்கிலேயப் பட்டாளம் இங்கே வந்து இறங்கியபோது அதன் கூடவே சிப்பாய்களாகவும், சரக்கு கொடுப்பவர்களாகவும், கொத்தனார், தச்சராகவும் ஆற்காடு, வேலூர்ப் பக்கமிருந்து வந்த தமிழர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் சத்திரம், பள்ளி, பஜனைக் கூடம் என்று கட்டி வைத்தார்கள். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல் இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கியவர், இன்று ஹைகோர்ட் இருக்கிற அட்டாரா கச்சேரியைக் கட்டின கான்ட்ராக்டரும் அவர்தான். எங்கள் தெருக்காரர்கள் அவ்வளவு பெரிய ஆட்களும் இல்லை, அவ்வளவு விவரமும் போதாது. ஐந்து பேர் பெயரில் கைப்பட எழுதின ஒரே ஒரு பத்திரம். ஐந்து பேரும் காலமாகி, வாரிசுகள் சென்னை, துபாய், ஒயிட்ஃபீல்ட் என்று சிதறி, காத்தா (சொத்து வரிக்கான மாநகராட்சிப் பதிவு) மட்டும் செத்துப்போனவர் பெயரிலேயே இருந்தது. சங்கமாகப் பதிவு செய்து, வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கி, வில்லங்கச் சான்று எடுத்து, பாக்கி வரியைக் கட்டி, காத்தாவை மாற்றுவதற்கு இரண்டரை வருஷம் ஆனது. அந்த இரண்டரை வருஷமும் வீண் என்று அப்போது நினைத்தேன். இல்லை. நன்கொடை கேட்டுப் போனால் கொடுக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி "80ஜி ரசீது உண்டா?" என்பதுதான், அதாவது வருமான வரியில் கழித்துக்கொள்ள உதவும் ரசீது. அதற்கு வருமான வரித் துறையில் சங்கம் பதிவாகியிருக்க வேண்டும், அதற்குச் சங்கத்தின் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்கு இந்தக் காகிதங்கள் எல்லாம் வேண்டும்.

இதற்கு நடுவே பில்டர் வந்தார். வராமல் இருப்பாரா, அல்சூரில் ஏரிக்குப் பக்கத்தில் காலி முற்றத்தோடு ஒரு மனை. "ஜாயின்ட் டெவலப்மென்ட் போட்டா கீழே பார்க்கிங், மேலே ஏசி கல்யாண மண்டபம், அதுக்கும் மேலே ஃபிளாட், சங்கத்துக்கு மாசாமாசம் வாடகை" என்றார். கமிட்டியில் பாதிப் பேருக்கு ஆசைதான். எனக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: "இடிஞ்ச சுவத்தை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போற?" நான் பேலஸ் ரோட்டு மாணிக்கவேலு மாளிகையைச் சொன்னேன், ஒரு முதலியார் வீடு 2009-லிருந்து தேசிய நவீனக் கலைக்கூடமாக இருக்கிறதே என்று. "அது சர்க்கார் பணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அட்டாரா கச்சேரியையே 1980-களில் இடிக்கப் பேச்சு எழுந்து, ஊர்க்காரர்கள் எதிர்த்து, வழக்கும் போட்டு, கடைசியில் பிழைத்தது என்று சொன்னேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் அவரை அசைத்தது என் வாதம் எதுவும் இல்லை. பந்தல்காரரைக் காலி செய்யவைத்து, கூட்டித் துடைத்து, ஒரு சனிக்கிழமை பாய் விரித்து நாலு பாட்டுப் பாடினோம். பெரியப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு "இங்கதான் எங்கப்பா உக்காருவாரு" என்றார். அதற்கப்புறம் பில்டர் பேச்சை அவரே எடுக்கவில்லை. ஆகையால் ரிப்பேர் முடிந்துதான் திறப்பது என்று காத்திருக்காதீர்கள். மேலே எதுவும் விழாது என்று ஒரு இன்ஜினியர் பார்த்துச் சொன்ன மூலையிலாவது வாரம் ஒரு நாள் ஆட்கள் உட்காரட்டும்.

இன்ஜினியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதலில் வந்தவர் மாடி ஏறாமலேயே பத்து நிமிஷத்தில் "லைஃப் முடிஞ்சுது, டிமாலிஷ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். கான்கிரீட் தூண் கட்டடம் மட்டும் பார்த்துப் பழகியவருக்குச் சுண்ணாம்புச் சுவரும் மரக்கட்டைக் கூரையும் பார்த்தவுடன் பயம் வருகிறது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய கட்டடங்களில் வேலை செய்தவராகத் தேடிப் பிடியுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

இப்போது எங்கள் பெரிய தப்பு. கையில் முதல் பணம் சேர்ந்ததும் சுவருக்குப் போனோம். கண்ணுக்குத் தெரிகிற அசிங்கம் அதுதானே. கீழே மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்திருந்த காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே மஞ்சள் எமல்ஷன் அடித்தோம். அந்த வருஷத்துப் படங்களில் கூடம் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள், சிமென்ட் நின்ற இடத்துக்கு மேலே, நான்காவது அடியில், புதிதாக உப்புப் பூத்தது. சிமென்ட்டை விரலால் தட்டினால் காலி டப்பா சத்தம்.

அப்போதுதான் வேலூர்ப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரி வந்தார், எழுபது வயதுக்கு மேல். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, சொவுத்துக்கு ரெயின்கோட்டு மாட்டி உட்டுக்கீறீங்க. உள்ள வேர்க்காதா அதுக்கு?" விஷயம் அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சுவரில் தரை ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது, செங்கல் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வழியிலேயே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம், உப்பையும் கூட்டிக்கொண்டு, இன்னும் மேலே ஏறி வேறு இடம் தேடும். பூசின காசைப் போலவே இன்னொரு பங்கு கொடுத்து அதைக் கொத்தி எடுத்தோம், கொத்தும்போது சிமென்ட் பிடித்த செங்கலின் முகமும் கூடவே பெயர்ந்து வந்தது.

அப்புறம் சுண்ணாம்பு. பின்முற்றத்தில் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டார். உலைத் தண்ணீர் மாதிரி கொதித்தது, ஆவி கூரை உயரத்துக்குப் போனது, தெருப் பிள்ளைகள் எல்லாம் மதில் மேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக்கொடுங்கள், ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீற்றின சுண்ணாம்பைச் சலித்து ஒரு மாதம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல், கொஞ்சம் செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். அந்தப் புளித்த வாசனை ஒரு வாரம் என் துணியை விட்டுப் போகவில்லை. ஆற்று மணல் கிடைக்காமல், கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டைக் கழுவிச் சலித்துத்தான் போட்டோம், நன்றாகத்தான் நிற்கிறது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: சிமென்ட் மாதிரி மறுநாளே காய்ந்து கல்லாகாது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நாள் கணக்கில் இடைவெளி விட்டு, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பொறுமையாகப் போக வேண்டும். "திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு" என்று மேஸ்திரியை அவசரப்படுத்தினால் அவரும் ஒரு கை சிமென்ட்டைக் கலந்துவிடுவார்.

அந்த 191 விஷயத்திலும் மேஸ்திரி கேட்டார், "நம்பர் இன்னான்னு சொல்லு, சுதையில புடிச்சுத் தர்றேன்" என்று. பெரியப்பா 2 என்றார், பக்கத்து வீட்டுப் பாட்டி 7 என்றார், ஒருவர் விடாப்பிடியாக 4. பத்திரத்தில் மாதம் இருக்கிறது, ஆண்டு இருந்த இடத்தைக் கரையான் தின்றிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டோம்.

ஆனால் சுவருக்கு முன்னால் நாங்கள் கூரைக்குப் போயிருக்க வேண்டும். கூடத்தின் நடுப்பகுதி மெட்ராஸ் டெரஸ், முன்தாழ்வாரம் மங்களூர் ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதிப்பது. தச்சரும் மேஸ்திரியும் நானும் சாரத்தில் ஏறி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தோம். நடுவில் தட்டினால் தேக்கு, மணி மாதிரி கேட்டது. சுவருக்குள் செருகியிருக்கும் முனையில் தச்சர் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. பத்தொன்பது கட்டைகளில் ஏழுக்கு முனை போயிருந்தது. எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கம் மேலே மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு அரசங்கன்று வளர்ந்து அடைத்திருந்தது. எத்தனையோ வருஷமாகத் தண்ணீர் அங்கே தேங்கிச் சுவருக்குள் இறங்கி, கட்டை முனையைத் தின்றிருக்கிறது. அதாவது ஒரு கன்றைப் பிடுங்காததற்கு நாங்கள் கட்டின அபராதம் மொத்தச் செலவில் பாதிக்கு மேல்.

முழுக் கட்டையையும் மாற்றவில்லை. கெட்ட முனையை மட்டும் அறுத்தெடுத்து, பழைய தேக்கில் ஒட்டுக்கட்டை கொடுத்து போல்ட் போட்டு, கீழே இரும்பு பிராக்கெட் தாங்கல். பழைய வீடு இடிக்கிற இடங்களில் தேக்கு கிடைக்கிறது, வாங்கும்போது கரையான் பார்த்து வாங்குங்கள். அரசங்கன்றை வெட்டினால் மறுபடி தழைக்கும். அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். கூரை வேலையை டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரலிலேயே மாம்பழ மழை வந்துவிடும், நாங்கள் பிரித்துப்போட்ட கூரைக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தோம்.

இவ்வளவும் முடிந்து முதல் கச்சேரி. நூற்று நாற்பது பேர் வந்தார்கள். எல்லாம் அமர்க்களமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றரை மணி நேரத்தில் முன்வரிசை பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பாட்டு பிடிக்கவில்லையோ என்று வாசலுக்கு ஓடினேன். ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டுக்கு என்னம்மா குறை. எனக்கு சுகர். வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தனி ஆவர்த்தனம் முடிஞ்சிடும்" என்றார். ஒரு நூற்றாண்டு பழமையான கூரையைக் காப்பாற்றிய எங்களுக்குக் கழிப்பறை ஞாபகம் வரவில்லை. கமிட்டியில் அப்போது என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள், எனக்கும் வீடு பக்கத்திலேயே.

அடுத்த மூன்று மாதம் வேறு எதுவும் செய்யாமல் கழிப்பறை கட்டினோம். பின்முற்றத்தில், பழைய சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தனி அஸ்திவாரத்தில். பழைய சுவரை ஒட்டிக் கட்டினால் பைப் கசிகிற அன்று மறுபடி ரஸ்க் கதைதான். பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, கைப்பிடி வைத்து அகலமாக ஒன்று. கூடவே வாசலில் சாய்வுப் பாதை. இரண்டு படி சேர்ந்து பதினான்கு அங்குல உயரம், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வு வேண்டும் என்றால் பதினான்கு அடி நீளம் வருகிறது. தாழ்வாரத்தில் அவ்வளவு இடமில்லை, அதனால் திருப்பம் வைத்துப் பலகையில் செய்து, எடுத்து வைக்கிற மாதிரி விட்டிருக்கிறோம். இந்த இரண்டும் வந்த பிறகுதான் வயதானவர்கள் கூட்டம் நிலைத்தது, மத்தியான வேளையில் வகுப்பு வைக்கவும் முடிந்தது.

சத்தம் பற்றி. எங்கள் முதல் நாடகத்துக்கு ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து வைத்தோம். உயரமான கூரை, வழவழப்பான சுவர், சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரை, எல்லாம் சேர்ந்து ஒரு வசனமும் யாருக்கும் புரியவில்லை, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை புகார். சட்டமும் அவர்கள் பக்கம்தான்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கியே கூடாது என்று 2000-ம் ஆண்டு விதி. இப்போது பவானி ஜமுக்காளம் நாலு தரையில், பக்கச் சுவரில் கனமான துணித் திரை, கச்சேரி மைக் இல்லாமல். மைக் இல்லை என்றதும் தயங்கின பாடகர்கள் ஒரு முறை பாடிவிட்டுப் போன பிறகு அவர்களே மறுபடி தேதி கேட்கிறார்கள். எட்டரைக்கு முடித்துவிடுகிறோம்.

வாடகைக்கு விடுவது தொடர்பாக எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று கேட்டு வருகிறார்கள், பணமும் வேண்டியிருக்கிறது. ஒரு முறை விட்டோம். தாழ்வாரத்தில் கேஸ் அடுப்பு வைத்து வடை போட்டார்கள், எண்ணெய்ப் புகை ஓட்டுக்குக் கீழே படிந்தது இன்னும் போகவில்லை, தரையில் கொட்டின மஞ்சள் தண்ணீர் ரெட் ஆக்ஸைடில் வெளிறின திட்டாக நிற்கிறது. இப்போது உள்ளே சமையல் கிடையாது, சாப்பாடு வெளியிலிருந்து வரலாம், மின் அலங்காரம் எங்கள் எலக்ட்ரீஷியன் போட்டால் மட்டும். அவரைக் கொண்டு பழைய வயரிங்கை மொத்தமாகக் கழற்றிவிட்டு, கசிவு இருந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி வைத்தோம். மரக்கூரைக் கட்டடத்தில் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். விதி போட்டதும் கல்யாண வீட்டார் பாதிப் பேர் வரவில்லை. மாதச் செலவை இப்போது பெரும்பாலும் தூக்குவது வகுப்புகள்தான்: செவ்வாய், வியாழன் பாட்டு, புதன் மிருதங்கம், சனி காலை பரதம். கச்சேரி எங்களுக்கு நஷ்டம், வகுப்பு அதை ஈடுகட்டுகிறது. வகுப்பு நாளில் கதவு திறந்திருப்பதால் கூரையில் ஒரு சொட்டு ஒழுகினால் அன்றே யாராவது சொல்லிவிடுகிறார்கள், இது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

இன்னொன்று, இது பெங்களூர்த் தமிழர்களுக்கு. பக்கத்திலேயே ஏரிக்கரையில் இருக்கிற திருவள்ளுவர் சிலை மொழிச் சண்டையில் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து 2009-ல்தான் திறந்தது, அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்த பிறகுதான் ஊர் சமாதானமாகப் பேசியது. எங்களுக்கு அது மறக்காது. கூடத்தின் பெயர்ப்பலகையில் ஆரம்பத்திலேயே மேலே கன்னடம், கீழே தமிழ் வைத்தோம். 2024-ல் கடை, நிறுவனப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது மற்றவர்கள் பலகை மாற்ற ஓடினார்கள், நாங்கள் ஒரு டீ குடித்தோம். பலகையைவிட முக்கியம் உள்ளே என்ன நடக்கிறது என்பது. புரந்தரதாசர் பாடல் வகுப்பு எடுப்பவர் எதிர்வீட்டு கன்னட ஆன்ட்டி. ஸ்பீக்கர் புகார் கொடுத்தவரும் அவர்தான். ராமநவமி மாதத்தில் பெரிய கச்சேரி எதுவும் வைக்க மாட்டோம், சாமராஜப்பேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூலில் நடக்கிற ராமநவமி இசை விழாப் பந்தலோடு போட்டி போட நமக்கு என்ன பைத்தியமா. நாங்களே அங்கேதான் இருப்போம்.

வருஷச் செலவுக்கு ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறோம், அதிலிருந்து விழாவுக்கு எடுக்கக் கூடாது என்று தீர்மானமே போட்டிருக்கிறது. ஓடு மாற்ற, குழாய் சுத்தம் செய்ய, கரையான் மருந்து, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு. தீர்மானம் போட்ட அன்றே ஒருவர் "பொன்னாடைக்கு மட்டும்" என்று கேட்டார், கொடுக்கவில்லை.

இந்த வருஷம் கூரை பார்க்கிற நாள் ஏப்ரல் முதல் ஞாயிறு. வழக்கமாக ஏறுகிற தச்சருக்கு முழங்கால் வலி, அவர் மகன் ஏறுகிறான். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர், குழாயிலிருந்து வருகிற சருகை அள்ள ஒருவர் வேண்டும். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால். இட்லியும் காபியும் உண்டு.